மனத்தை இறக்கி வைக்க ஒரு நோட்டு: ஓவிய நாட்குறிப்பைத் தொடங்குவோருக்கு

என் தந்தை ஐந்து வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து இறந்த பிறகு, யாரிடமும் பேசவும் முடியாமல், எழுதி ஆற்றிக்கொள்ளவும் முடியாமல் இருந்த நாள்களில், தோழி ஒருத்தி ஒரு நோட்டையும் ஒரு வண்ணப் பெட்டியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்த நோட்டில் வண்ணத்தைப் பூசி, அதன்மேல் இரண்டு வரி எழுதி, பக்கத்தில் மருத்துவமனைச் சீட்டுகளை ஒட்டி நான் செய்துகொண்டிருந்ததற்கு ஆர்ட் ஜர்னல் என்று பெயர் இருப்பது பின்னர்தான் தெரிந்தது. தமிழில் ஓவிய நாட்குறிப்பு என்று சொல்லலாம். அந்த ஆண்டைக் கடக்க எனக்கு அது பெருந்துணையாக இருந்தது. ஆனால் அந்த முதல் நோட்டில் பாதிக்கு மேல் இன்று பாழ். தாள்கள் நெளிந்துவிட்டன, பக்கங்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன, எழுத்து கரைந்துவிட்டது, ஒட்டிய ரசீதுகள் வெற்றுத் தாள்களாக வெளுத்துவிட்டன. அப்பாவின் பெயர் அச்சிட்டிருந்த கடைசி மருந்துச் சீட்டும் அவற்றுள் ஒன்று.

இப்போது நான்காவது நோட்டில் இருக்கிறேன். தொடங்குகிறவர்கள் எல்லாரும் பக்கம் அழகாக வருமா என்று கவலைப்படுகிறார்கள். தாள் தாங்குமா, மை நிற்குமா, பசை பிடிக்குமா என்று கவலைப்படுகிறவர்கள் குறைவு. முதல் கவலையை விட்டுவிடலாம். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் சொல்லப் போகிறேன். நான் சென்னையில் வசிப்பதால், இங்கே வரும் விலைகளும் வெயில் மழைக் கணக்குகளும் சென்னையை ஒட்டியவை.

1. நோட்டு: தாளின் கனத்தைக் கேட்டு வாங்குங்கள்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் குறிப்பிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதே அதன் பொருள். ஏ4 தாள்கள் பதினாறைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் ஆகும் என்பதால், 80 ஜி.எஸ்.எம். தாளில் ஓர் ஏ4 ஏடு 5 கிராம் எடை இருக்கும். ஜெராக்ஸ் கடைத் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். பள்ளி நோட்டின் தாள் பெரும்பாலும் அதைவிட மெல்லியது. ஈரத் தூரிகை பட்டதும் தாளின் நார்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, ஈரம் படாத பகுதி அப்படியே இருக்கிறது, இந்த இழுபறியில்தான் தாள் நெளிகிறது. மெல்லிய தாளில் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் இதைத் தவிர்க்க முடியாது; குறை உங்கள் கையில் இல்லை.

பென்சில், பால் பாயிண்ட் பேனா, கிரேயான் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் 100 முதல் 120 ஜி.எஸ்.எம். போதும். வண்ணத்தை நீர்த்துப் பூசவும் பொருள்களை ஒட்டவும் விரும்பினால் 150க்குக் குறையாமல், இயன்றால் 200 வாங்குங்கள். ஓவியர்கள் நீர்வண்ணத்துக்குப் பயன்படுத்தும் 300 ஜி.எஸ்.எம். தாள் மிக நல்லது, ஆனால் முதல் நோட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை கூடுதலாக இருப்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் வீணாக்கிவிடுவோமோ என்ற அச்சம் வந்துவிடும், அந்த அச்சம் வந்த பிறகு மனத்தில் இருப்பதைத் தாளில் இறக்க முடியாது. அட்டையில் ஜி.எஸ்.எம். அச்சிடப்படாத நோட்டைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கட்டு. முதுகில் வெறும் பசை மட்டும் போட்டு ஒட்டிய நோட்டில் பத்து இடங்களில் எதையாவது ஒட்டினால் முதுகு வெடித்து ஏடுகள் கழன்றுவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்தால் நூல் தெரிய வேண்டும். தையல் கட்டுக்கு அதுதான் அடையாளம். ஸ்பைரல் நோட்டும் பயன்படும், நன்றாக விரியும், ஒட்டி ஒட்டிப் பருத்தாலும் தாங்கும். இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்துப் பூச முடியாது என்பது மட்டுமே அதன் குறை. தையல் நோட்டை வாங்கியவுடன் ஐந்து ஏட்டுக்கு ஒன்றாகக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். ஒட்டும் பொருள்களுக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும். கத்தரிக்கும்போது முதுகை ஒட்டி 2 சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். முழுவதும் கிழித்தால் தையலின் மறுபக்கத்தில் உள்ள இணை ஏடும் தளர்ந்து விழுந்துவிடும். இதை அறியாமல் என் இரண்டாவது நோட்டில் எட்டு ஏடுகளை இழந்தேன்.

அளவு ஏ5 போதும். பள்ளி நோட்டைவிடச் சற்றுச் சிறியது, கைப்பையில் அடங்கும், கால் மணி நேரத்தில் ஒரு பக்கத்தை நிரப்பிவிடலாம். பெரிய பக்கம் நிரம்பாமல் நிற்கும்போது தொடங்கியவருக்குச் சோர்வு வரும்.

பணம் செலவிட விருப்பமில்லாதவர்கள், ஜனவரி மாதத்தில் வங்கியிலும் அலுவலகத்திலும் கொடுத்து, வீட்டில் எழுதப்படாமல் கிடக்கும் டைரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அட்டையும் தையலும் உறுதியாக இருக்கும், தாள்தான் மெல்லியது. இரண்டு ஏடுகளைச் சேர்த்து ஒட்டி ஒன்றாக்கி, கோடுகளும் தேதியும் மறையும்படி மேலே வெள்ளை போஸ்டர் கலரை மெலிதாகப் பூசிவிட்டால் பயன்படுத்தலாம். மொத்த டைரியையும் ஒரே நாளில் தயாராக்க முயலாமல், வாரத்துக்கு நான்கு பக்கம் என்று தயார் செய்யுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாரிமுனைக்கு அருகில் ஆண்டர்சன் தெருவில் தாள் வணிகர்களும் திருமண அழைப்பிதழ்க் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. என் மூன்றாவது நோட்டுக்கு அங்கே 200 ஜி.எஸ்.எம். தாளைப் பெரிய ஏடுகளாக வாங்கி வெட்டி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பைண்டிங் கடையில் தைத்துக்கொண்டேன். தாளும் தையலும் சேர்த்து 320 ரூபாய் ஆயிற்று. கைக்கு வர நான்கு நாள்கள் ஆயின. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பைண்டிங் கடைகளில் வேலை குவிந்திருக்கும், அப்போது கொடுத்தால் தாமதமாகும்.

2. பேனாவும் வண்ணமும்: கடைசிப் பக்கத்தைச் சோதனைப் பக்கமாக்குங்கள்

எழுதியது கரையாமல் இருக்க வேண்டும் என்பது முதல் தேவை. ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனா, மைப்பேனாவின் மை ஆகியவற்றுள் பெரும்பாலானவை நீர் பட்டதும் கரைந்து ஓடும். சாதாரண பால் பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்த் தன்மை உடையது என்பதால் ஓடாது. ஐந்து ரூபாய்ப் பேனாவே இதற்குப் போதும் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இன்னும் கருமையாக, நிலையாக வேண்டுமென்றால் வாட்டர்ப்ரூஃப் என்று எழுதிய கறுப்பு வரைபேனா ஒன்றை வாங்கலாம்.

வாங்கிய எல்லாவற்றையும் முதல் நாளே நோட்டின் கடைசிப் பக்கத்தில் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பேனாவாலும் ஒரு கோடு இழுத்து, அருகில் அதன் பெயரை எழுதி, பத்து நிமிடம் காய விட்டு, கோட்டின் பாதியை ஈரத் தூரிகையால் தடவுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பது அந்த நோட்டு முடியும் வரைக்கும் உங்கள் கையிலேயே இருக்கும்.

வண்ணங்களில், கட்டியாக வரும் வாட்டர் கலர் பெட்டிதான் தொடங்குவதற்கு ஏற்றது. தாளைப் பருமனாக்காது, விரைவில் உலரும். போஸ்டர் கலர் ஒளி புகாதது, அடியில் இருப்பதை மறைக்கும், ஆனால் தடித்துப் பூசினால் நோட்டை விரிக்கும்போது வெடித்து உதிரும். ஆயில் பேஸ்டல் கைக்கு மிகவும் இன்பமானது, கோபம் வரும்போது அழுத்தித் தேய்க்க அதைப்போல வேறில்லை. ஆனால் அது முழுமையாக உலர்வதே இல்லை, எதிர்ப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும், அதன்மேல் நீர்வண்ணமும் ஒட்டாது. அக்ரிலிக் உலர்ந்தால் நெகிழிப் படலம் போல ஆகிவிடும், நம் ஊர் வெப்பத்தில் அந்தப் படலம் இளகி, மூடிய நோட்டில் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். என் முதல் நோட்டில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் எல்லாம் அக்ரிலிக் பூசியவை. பிரிக்க முயன்றபோது இரண்டும் கிழிந்தன. முதல் நோட்டில் அக்ரிலிக் வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, இப்போதைய நோட்டுக்கு நான் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். நோட்டு 220 ரூபாய், 12 நிறம் கொண்ட வாட்டர் கலர் பெட்டி 90, வெள்ளை போஸ்டர் கலர் ஒரு புட்டி 40, ஒரு பட்டைத் தூரிகையும் ஓர் உருண்டைத் தூரிகையும் சேர்ந்து 80, கறுப்பு வரைபேனா 100, க்ளூ ஸ்டிக் 30, பட்டர் பேப்பர் 20. ஆக 580 ரூபாய். கடைக்குக் கடை இது கூடும், குறையும். நோட்டைத் தவிர மற்றவை இரண்டு மூன்று நோட்டுகளுக்கு வரும். முதல் ஆண்டில், இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு, முத்திரைகள், அலங்கார டேப்புகள், 48 நிறப் பேனாக்கள் எல்லாம் அடங்கிய ஒரு தொகுப்பை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஆறு பேனாக்களைத் தவிர வேறெதுவும் என் பக்கங்களுக்குப் பயன்படவில்லை. முதல் நோட்டு முடியும் வரை எந்தத் தொகுப்பையும் வாங்காதீர்கள். அந்த நோட்டின் நடுவில் வரும்போது எந்த நிறம் தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள், அதை மட்டும் வாங்குங்கள்.

3. நேரம்: கால் மணி நேரம் போதும், காய்வதற்கு ஓர் இரவு வேண்டும்

ஒரு நாளைக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள், கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள்கள் தங்கள் வாழ்வின் துயரமான நிகழ்வைப் பற்றி எழுத வைத்தார்கள். எழுதி முடித்த வேளையில் அவர்களுடைய மனம் முன்பைவிடப் பாரமாக இருந்தது, ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போக நேர்ந்தது குறைந்தது. அந்த ஆய்வு எழுத்தைப் பற்றியது என்றாலும், எனக்கு அதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைத்தன. நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது ஒன்று. பக்கத்தை மூடியவுடன் கனமாக இருந்தால், வழி தவறிவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை என்பது இன்னொன்று. இதனாலேயே படுக்கப் போகும் நேரத்துக்கு முந்திய 15 நிமிடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. மாலையில் காப்பி குடித்த பிறகோ, காலையில் வீடு எழுவதற்கு முன்போ உட்காருங்கள். முடிந்தவுடன் கையால் செய்யும் வேலை ஒன்று, துணி மடிப்பதோ செடிக்கு நீர் ஊற்றுவதோ, காத்திருக்கட்டும்.

பூசுவதையும் எழுதுவதையும் ஒரே அமர்வில் செய்ய முயல்வதுதான் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் பிழை. நீர்த்த வண்ணம் கோடையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ஒரு மணி நேரம் ஆனாலும் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். தொட்டுப் பார்க்கும்போது தாள் குளிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். எனவே இன்றைய நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் நாளைய பக்கத்துக்கு அடிவண்ணம் பூசி, நோட்டை விரித்தபடியே மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுங்கள். மறுநாள் உட்காரும்போது பக்கம் நிறத்தோடு காத்திருக்கும், வெள்ளைத் தாளைப் பார்த்து மலைக்க வேண்டியிருக்காது. இந்த ஒரு பழக்கம்தான் என்னை இத்தனை நாள் தொடர வைத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் கிடைத்தால் ஒட்டும் வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் பக்கம்: மூன்றாவது ஏட்டிலிருந்து தொடங்குங்கள்

நோட்டின் முதல் ஏட்டை யாரும் அச்சமின்றித் தொட முடியாது. ஆகவே அதை விட்டுவிடுங்கள். மூன்றாவது ஏட்டைத் திறந்து, மூலையில் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். தேதி இல்லாத பக்கம் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. நாட்காட்டியில் கிழித்த அன்றைய தாளையே ஒட்டிவிடலாம். அதில் தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும், அந்த நாளின் முகம் அதிலேயே வந்துவிடும்.

பிறகு உங்கள் உடம்பில் அந்த நேரத்தில் எது கனக்கிறது என்று கவனியுங்கள். தொண்டையா, தோள்பட்டையா, நெஞ்சா? அந்த இடத்துக்கு ஒரு நிறம் கொடுக்கச் சொன்னால் எதைக் கொடுப்பீர்களோ அதை எடுத்துப் பட்டைத் தூரிகையால் பக்கம் முழுவதும் பூசுங்கள். உருவம் எதுவும் வேண்டாம். அது உலர்ந்ததும் பால் பாயிண்ட் பேனாவால் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப் பிழை, வரி கோணல், ஒன்றின்மேல் ஒன்றாக எழுதுவது, எதுவும் தடையில்லை. எழுதியவற்றில் யாரும் படிக்கக் கூடாதவை மறையும்படி வெள்ளை போஸ்டர் கலரை நீர்க்காமல் பூசுங்கள். எது தெரியலாம், எது மறையலாம் என்று நீங்களே முடிவு செய்யும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்கு மூச்சு சீராகும். கடைசியாக, உலர்ந்த வெள்ளையின்மேல் ஒரே ஒரு வரியையோ ஒரே ஒரு வடிவத்தையோ தெளிவாகப் போடுங்கள். பக்கம் முடிந்தது.

எனக்கு வரைய வராதே என்று கேட்பீர்கள். ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் பேனா, களிமண், வெட்டி ஒட்டும் தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு விரும்பியதைச் செய்ய விட்டு, அதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த இயக்குநீரை அளந்தார்கள். ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்கு அது குறைந்தது. முன்பே கலைப் பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. வரைந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், டம்ளரைக் கவிழ்த்துச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், உங்கள் கையை வைத்துச் சுற்றி வரையுங்கள், சன்னல் கம்பிகளை எண்ணி வரையுங்கள். என் அம்மா நாற்பது ஆண்டுகளாக ஒரு கோல நோட்டு வைத்திருக்கிறார். எந்தப் பொங்கலுக்கு எந்தக் கோலம், எத்தனை புள்ளி, யார் சொல்லிக் கொடுத்தது என்றெல்லாம் அதில் ஓரத்தில் குறித்திருக்கிறார். அப்பா இறந்த ஆண்டின் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அதையும் ஓர் ஓவிய நாட்குறிப்பு என்றே நான் கருதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், அதிலிருந்து ஒரு புள்ளிக் கோலத்தை எடுத்துப் போட்டு, கட்டங்களுக்குள் வண்ணம் தீட்டுவதிலிருந்தே தொடங்கலாம்.

5. சீட்டுகளையும் ஆவணங்களையும் ஒட்டுதல்: அசலை ஒருபோதும் ஒட்டாதீர்கள்

நான் மிகுந்த வருத்தத்துடன் கற்றுக்கொண்ட பகுதி இது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மருந்துக் கடை, ஏ.டி.எம்., பேருந்து, உணவகம் ஆகிய இடங்களில் வழவழப்பான தாளில் அச்சிட்டுத் தரும் சீட்டுகளில் மை கிடையாது. அந்தத் தாளின்மேல் வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. இயந்திரம் சூட்டால்தான் எழுதுகிறது. வெளிச்சமும் வெப்பமும் சில பசைகளும் அந்த எழுத்தை அழித்துவிடும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் தாள் இருக்கும், எழுத்து இருக்காது. பாதுகாக்கிறேன் என்று சூடான லேமினேஷன் போட்டால் சீட்டு முழுவதும் கறுத்துவிடும். இத்தகைய சீட்டு கைக்கு வந்த வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் படியை ஒட்டுங்கள்.

ஜெராக்ஸ் படியும் லேசர் அச்சும் நீர் பட்டாலும் கரைவதில்லை, ஏனெனில் அவை உருகிப் படிந்த தூளால் ஆனவை. வீட்டு இங்க்ஜெட் இயந்திரத்தில் எடுத்த படி பெரும்பாலும் கரையும். நிழற்படங்களுக்கும் இதே வழிதான். பழைய குடும்பப் படம் ஒன்றை நோட்டில் ஒட்டிவிட்டால் பிறகு சேதமில்லாமல் எடுக்க முடியாது. கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால், அதன்மேல் வண்ணமும் தீட்டலாம். கறுப்பு வெள்ளைப் படிக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய், வண்ணப் படிக்குப் பத்து ரூபாய் நான் கொடுத்தேன்.

மருத்துவமனைக் காகிதங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செலவிட்ட பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பின்னர் பெறுவதாக இருந்தால், அசல் ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்பார்கள். துயரத்தின் முதல் வாரங்களில் நான் இரண்டு அசல் ரசீதுகளை நோட்டில் ஒட்டிவிட்டேன். பிறகு அவற்றை ஆவி காட்டிப் பிரித்தெடுத்தபோது ஒன்று கிழிந்தது, நகல் ரசீது பெற மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் போன்ற எதுவும் நோட்டின் அருகில்கூட வர வேண்டாம். கடிதங்களை மட்டும் அசலாக வைக்க விரும்பினால் ஒட்டாதீர்கள். ஓர் உறையை ஒட்டி, அதற்குள் கடிதத்தைச் செருகி வையுங்கள்.

செய்தித்தாள் வெட்டுகள் மஞ்சளாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே; வேண்டிய செய்தியானால் அதையும் படியெடுங்கள். திருமண அழைப்பிதழ்கள் கெட்டியான நல்ல தாள், வெட்டி ஒட்ட மிகவும் ஏற்றவை, சாமி படங்கள் இருப்பதால் வெட்ட மனம் வராதவர்கள் உள்தாளையும் உறையையும் பயன்படுத்தலாம். மிட்டாய்க் காகிதம், புடவைக் கடைப் பை, தீப்பெட்டி மேல்தாள் எல்லாம் ஒட்டலாம். பூவையும் இலையையும் ஒட்ட விரும்பினால், பழைய தொலைபேசி அட்டவணை போன்ற கனமான புத்தகத்துக்குள் இரண்டு வாரமாவது அழுத்தி, சத்தம் வரும் அளவுக்கு உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். மல்லிகை பழுப்பாகிவிடும், வேப்பிலையும் அரசிலையும் நன்றாக நிற்கும்.

பசையைப் பற்றி மூன்று செய்திகள். மெல்லிய தாளுக்கு க்ளூ ஸ்டிக் போதும், விளிம்பு வரைக்கும் தடவ வேண்டும். கனமான தாளுக்கு வெள்ளைப் பசையைப் பழைய தூரிகையால் மிக மெலிதாகத் தடவி, மேலே சுத்தமான தாளை வைத்து, ஒரு மணி நேரம் புத்தகங்களை அடுக்கி அழுத்தி வையுங்கள். விரலால் அப்பினால் நெளியும். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை வேண்டவே வேண்டாம். பூச்சிகளுக்கு அது உணவு, அதைத் தடுக்க பைண்டிங் கடைகளில் கலக்கும் மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கையாளத் தக்கதன்று. செல்லோடேப்பும் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசையைக் கசியவிட்டுத் தாளில் கறையை நிரந்தரமாக்கும்.

6. கனமான நாள்களில்

பக்கத்தில் எதையும் கொட்டலாம் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் ஓர் இடறலும் அதில் உண்டு. ஒரே வாக்கியம், ஒரே குற்றச்சாட்டு, மூன்று நாள்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், எழுதுவது அந்த நினைவை ஆற்றுவதற்கு மாறாகக் கிளறிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு வாரத்துக்குச் சொற்களை நிறுத்திவிட்டு நிறத்தை மட்டும் பூசுங்கள், அல்லது கண்முன் இருக்கும் ஒரு பொருளை மட்டும் பார்த்து வரையுங்கள். நான் இரண்டு வாரங்கள் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மட்டுமே வரைந்தேன்.

இந்த நோட்டு மருத்துவம் ஆகாது. தூக்கம் வராமல், சாப்பிட முடியாமல், எதிலும் பற்றில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் அதைப் பக்கத்தில் மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். என் நோட்டின் உள்ளட்டையில் அந்த எண்ணை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். உங்களையும் அப்படி எழுதி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

7. பிறர் கண்கள்

நம் வீடுகளில் தனி மேசையும் பூட்டும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நோட்டை யாராவது திறப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதினால் எதுவும் வெளிவராது. தொடங்கும் நாளிலேயே வீட்டில் உள்ளவர்களிடம், இது என் சொந்த நோட்டு, கேட்காமல் திறக்க வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. அதற்கு வாய்ப்பில்லாத வீடானால், எழுதியதன்மேல் வண்ணம் பூசி மறைப்பதையே முறையாக வைத்துக்கொள்ளலாம், எழுதி முடித்த இரண்டு பக்கங்களை மூன்று ஓரங்களிலும் ஒட்டி மூடிவிடலாம். பக்கத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதானால், ஒட்டிய சீட்டுகளில் உள்ள தொலைபேசி எண், நோயாளி எண், ஆதார் எண், முகவரி ஆகியவற்றை முதலில் மறையுங்கள். முதல் மூன்று மாதம் யாருக்கும் அனுப்பாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒருவர் பாராட்டிய பிறகு அடுத்த பக்கம் அந்தப் பாராட்டுக்காகவே அமைந்துவிடுகிறது.

8. நோட்டைக் காப்பாற்றுதல்

பூசிய பக்கங்களுக்கு இடையே ஒரு பட்டர் பேப்பரை வெட்டி வையுங்கள், குறிப்பாக ஆயில் பேஸ்டல் பக்கங்களுக்கு. நெளிந்த ஏட்டை, சற்றே ஈரம் இருக்கும்போதே இரு புறமும் வெள்ளைத் தாள் வைத்து ஓர் இரவு கனம் ஏற்றினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நோட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் பூஞ்சையாகும். பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே இரண்டு வசம்புத் துண்டுகளை முடிந்து வைத்தால் ராமபாணப் பூச்சி அண்டுவது குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வசம்பை மாற்ற வேண்டும். புரட்டாசி முடிந்து மழை தொடங்குவதற்கு முன், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் எல்லா நோட்டுகளையும் விசிறிபோல் விரித்து அரை நாள் நிற்க வையுங்கள். நான் அப்படி வைக்கும் நாளில்தான் முதல் நோட்டையும் எடுப்பேன். வெளுத்துப்போன அந்த மருந்துச் சீட்டில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தை, எழுத்தின் அளவு நினைவில் இருந்தவரை, போன ஆண்டு பால் பாயிண்ட் பேனாவால் எழுதி நிரப்பிவிட்டேன்.